மிஸ் சொன்னது ஓட்டத்தைத்தான்

ஸ்கூட்டரின் வலதுபக்கக் கண்ணாடியில் ஒரு பெண் பெரிதாகிக்கொண்டே வந்தாள். அந்த யோசனை எனக்கு வந்தது அங்கேதான், பெங்களூரில், தொம்மலூரின் பழைய ஊர்ச் சந்தில், காலை எட்டே முக்காலுக்கு.

தள்ளுவண்டியில் நான்கு இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு ஆபீசுக்கு லேட் என்று கிளம்பியிருந்தேன். கண்ணாடியில் பின்னால் இருப்பதெல்லாம் சிறுத்துக்கொண்டே போவதுதான் முறை. தள்ளுவண்டி சிறுத்தது, மின்கம்பம் சிறுத்தது, படுத்திருந்த நாய் சிறுத்தது. இவள் மட்டும் பெரிதானாள். பள்ளிச் சீருடை, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், ஒரு கையில் இரண்டு ஹவாய் செருப்புகள், இன்னொரு கையில் என் போன். மீட்டரைப் பார்த்தேன். இருபத்தைந்து.

"அக்கா! போனு!"

வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். நான் பிரேக் பிடித்தபோது என்னைத் தாண்டி நாலடி போய்த்தான் நின்றாள். மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

போனை வாங்கிக்கொள்வதற்கு முன்பே கணக்கு ஓடிவிட்டது. இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம் என்றால் நூறு மீட்டருக்குப் பதினாலரை விநாடி. என் வண்டி மீட்டர் கொஞ்சம் பொய் சொல்லும், போகட்டும். வெறுங்காலில், சீருடையில், கையில் சாமான் தூக்கிக்கொண்டு, நடுவில் ஒரு வேகத்தடையையும் தாண்டி! ஒழுங்கான தரையும் ஷூவும் இருந்தால்?

"யாரு நீ?"

"இட்லி வண்டி அம்மாவோட பொண்ணு. தெனம் சட்னி நான்தானே ஊத்துறேன், பார்த்ததில்லையா?"

பார்த்ததில்லை. தட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஸ்கூல்ல ஓடுவியா?"

செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டினாள். "பி.டி. மிஸ் ஓடச் சொல்வாங்க. ஓடுவேன்." இரண்டடி போய்த் திரும்பினாள். "அதை அம்மாகிட்ட மட்டும் கேக்காதீங்கக்கா."

அன்றைக்கு ஆபீசில் நான் செய்த வேலையை மறுநாள் முழுவதும் திருத்த வேண்டியிருந்தது.

என்னைப் பற்றி ஒரு பத்தி சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நானூறு மீட்டர் ஓடினேன். எப்போதும் நான்காவதாக வருவேன். நான்காவதாக வருகிறவர்களுக்கு ஓட்டத்தைப் பற்றி எல்லாம் தெரியும். கால் எந்தக் கோணத்தில் விழ வேண்டும், கை எங்கே மடங்க வேண்டும், எத்தனையாவது அடியில் தலை நிமிர வேண்டும், எல்லாம். என் போனில் குடும்பப் படங்களைவிட ஓட்டக்காரர்களின் மெதுவோட்ட வீடியோக்கள் அதிகம். இத்தனை அறிவையும் வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இவள் கண்ணாடியில் வந்தாள்.

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. அதோடு, அம்மாவுக்குத் தெரியாமல் ஒன்பதாவது படிக்கிற பெண்ணை மைதானத்துக்குக் கூட்டிப்போக எனக்கு மனமும் வரவில்லை. மறுநாள் இட்லித் தட்டோடு நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.

"அக்கா, உங்க பொண்ணு சூப்பரா ஓடறா. ஞாயித்துக்கிழமை காலையில நான் கொஞ்சம் ட்ரெயின் பண்ணட்டுமா?"

அந்தம்மா இட்லித் துணியை உரித்துக்கொண்டிருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். வீட்டுக்காரர் சந்தாபுராவில் ஒரு கம்பெனியில் காவலுக்குப் போகிறார். வண்டி முழுக்க இவர் பொறுப்பு.

"ஓட்டமா? இன்னாம்மா நீ, படிக்கிற புள்ளையப் போயி ஓட வைக்கணும்ங்கற! அவங்க மிஸ்ஸே எனக்கு போன் போட்டுச் சொன்னாங்க தெரியுமா? நிம்ம மகளு சென்னாகி ஓதுத்தாளெ அப்டின்னாங்க. ஒரு வருஷம் ஆவுது. மறுநாளே டியூஷன்ல சேத்துட்டேன். அஞ்சு மணிலேருந்து ஏழு மணி வரைக்கும். ஒரு நாள் லீவு கெடையாது."

கூட நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர், "இதை என்கிட்ட இது நூறாவது தடவை சொல்றாங்க மேடம். எங்க வீட்ல பசங்களுக்கு இதனாலயே தெனம் திட்டு," என்றார்.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடியும். கன்னடத்தில் ஓது என்றால் படி. ஓடு என்றால் நம் ஓடுதான். ஓதுத்தாளெ, நன்றாகப் படிக்கிறாள். ஓடுத்தாளெ, நன்றாக ஓடுகிறாள். நாக்கு கொஞ்சம் மடங்கினால் ஒன்று, மடங்காவிட்டால் இன்னொன்று. அந்தப் பக்கம் பள்ளிக்கூட இரைச்சல், இந்தப் பக்கம் பம்ப் ஸ்டவ் இரைச்சல், நடுவில் ஒரு போன். பள்ளியிலிருந்து போன் வந்தால் ஒரு தாய் எந்தச் சொல்லை எதிர்பார்ப்பாரோ, அந்தச் சொல்தான் காதில் விழும்.

நிமிர்ந்து பார்த்தேன். சட்னிக் கரண்டியோடு அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் போட்டது எந்த மிஸ் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"நீ பெரிய படிப்பு படிச்ச பொண்ணு. ஓடறப்போ அவகிட்ட இங்கிலீஷ்லயே பேசு. ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல ஆயிடும்."

அவள் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற மண் மைதானத்தில்தான் ஓடினோம். பி.டி. மிஸ் கேட்டைத் திறந்து வைப்பார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நான் இங்கிலீஷில் கத்துவேன். அவளும் நான் கத்தியதையே திருப்பிக் கத்திக்கொண்டு ஓடுவாள். "நீஸ் அப்!" என்றால் அவளும் "நீஸ் அப்!" என்பாள், முட்டியைத் தூக்காமலே.

அவள் ஓட்டத்தைச் சந்துகள்தான் கற்றுக்கொடுத்திருந்தன. இருபது மீட்டருக்கு ஒருமுறை தோளுக்கு மேல் பின்னால் பார்ப்பாள். பைக் வருகிறதா என்று.

"இங்க பைக் வராதும்மா. இது கிரவுண்டு."

"வராதுன்னு தெரியுது. கழுத்துக்குத் தெரியலையேக்கா."

நான் என்ன செய்தேன் என்றால், எனக்குத் தெரிந்ததையெல்லாம் மூன்றே வாரத்தில் அவள்மேல் கொட்டினேன். கழுத்து, தோள், முழங்கை, உள்ளங்கை, இடுப்பு, முட்டி, கணுக்கால். நான்காவது வாரம் ஸ்டாப் வாட்ச் பார்த்தேன். முதல் வாரத்தைவிட மெதுவாக ஓடியிருந்தாள். என் பழைய ஷூவின் முனையில் துணி அடைத்துப் போட்டிருந்தாள். குற்றத்தை முதலில் ஷூ மேல் போட்டேன்.

"ஷூ இல்லக்கா. நீங்க சொன்னதெல்லாம் ஞாபகம் வெச்சுக்கிட்டு ஓடினா, ஓட மறந்துடுது."

மதிலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பி.டி. மிஸ் சத்தமாகச் சிரித்தார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார், அவருடைய தமிழில். "நீவு ஒரு வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லி. ஆமேலெ சும்மனே குத்துக்கொள்ளி. கஷ்டனா?"

வாரத்துக்கு ஒன்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். எனக்கு அது மிகவும் கஷ்டம். ஆனாலும் உட்கார்ந்தேன். முதல் வாரம் கழுத்து மட்டும். மைதானத்தின் அந்தக் கோடியில் நான் நின்று விரல்களைக் காட்டுவேன். ஓடி முடித்ததும் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். நடுவில் நான் எண்ணிக்கையை மாற்றுவேன். பின்னால் பார்த்தால் தப்பாகிவிடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கழுத்துக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது மாதம், ஒரு காலையில், கடிகாரத்தை நான் மூன்று முறை தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. நூறு மீட்டருக்குப் பதின்மூன்று விநாடிக்குக் கீழே வந்திருந்தாள். மண்ணில்!

அன்றைக்குத்தான் பி.டி. மிஸ் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்தார். நகரத்து ஸ்டேடியத்தில், செயற்கைத் தடத்தில், ஒரு வருடப் பயிற்சி முகாம். தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. ஒரே நாள் தேர்வு. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். கீழே பெற்றோர் கையெழுத்து.

ஐந்திலிருந்து ஏழு. டியூஷன் நேரம். டியூஷன் எதனால் வந்தது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"நான் வேணா மறுபடி போன் மாடி ஹேளுட்டா?" என்றார் மிஸ். தானே அம்மாவுக்கு போன் செய்து சொல்லிவிடட்டுமா என்றுதான் கேட்டார்.

"வேணாம் மிஸ்," என்றாள். மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டே நின்றாள்.

எனக்குத் தந்திரங்கள் வரிசையாக வந்தன. பள்ளி முகாம் என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கலாம். உடற்கல்வியும் கல்விதானே, அது பொய்யாகாதே! இதைச் சத்தமாகவே சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒரு வருஷமா சொல்லலாம்னுதான்க்கா இருக்கேன். முதல் நாளே சொல்லியிருக்கணும். அன்னிக்கு அம்மா எல்லாருக்கும் கேசரி பண்ணிக் கொடுத்துட்டாங்க. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? மறுநாள் சொல்லலாம்னு பார்த்தா டியூஷன்ல சேத்துட்டாங்க. அப்புறம் நான் நல்லாப் படிக்கலைன்னா பொய்யாயிடுமேன்னு படிக்க ஆரம்பிச்சேன். மேத்ஸ்ல பெயிலாகிட்டு இருந்தவ பாஸாயிட்டேன். இப்பப் போயி, அது இல்லம்மா, மிஸ் சொன்னது வேறன்னா... அம்மாவுக்கு வண்டிகிட்ட நின்னு சொல்லிக்க இருக்கறது அது ஒண்ணுதான்."

தப்பாகக் கேட்ட ஒரு சொல்லை ஒரு வருடமாக உட்கார்ந்து உண்மையாக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஓட்டத்தில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது. மிஸ் மூக்கை உறிஞ்சிவிட்டு விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நானே சொல்றேன்," என்றாள் கடைசியில். "ஆனா காலைல எட்டு மணிக்குச் சொல்றேன். அப்பத்தான் கூட்டம் இருக்கும். அம்மாவால கரண்டிய வெச்சிட்டுத் திட்ட முடியாது."

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய் நின்றுவிட்டேன். ஆட்டோக்காரர் இருந்தார். இரண்டு செக்யூரிட்டிகள், ஆபீஸ் அடையாள அட்டை மாட்டிய நாலைந்து பேர். பசியில்லாமலேயே ஒரு தட்டு வாங்கிக்கொண்டேன். அவள் மூன்று பேருக்குச் சட்னி ஊற்றினாள். நான்காவது தட்டுக்கு ஊற்றும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ம்மா. அன்னிக்கு மிஸ் போன்ல ஓதுத்தாளென்னு சொல்லல."

"சாம்பார் ஊத்து அவருக்கு. இன்னா சொல்லல?"

"ஓதறத சொல்லல. ஓடுத்தாளென்னு சொன்னாங்க. அது பி.டி. மிஸ். நான் நல்லா ஓடறேன்னு சொன்னாங்க."

அந்தம்மாவின் கை இட்லிப் பானை மூடிமேல் நின்றது. ஆவி அவர் முகத்தைச் சுற்றிப் போனது. எல்லோருக்கும் கேட்டுவிட்டிருந்தது. ஆட்டோக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னக்கா இது! ஒரு வருஷமா எங்களுக்குத் தப்பு சமாச்சாரத்தை வெச்சே இட்லி வித்துட்டியா!"

ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை.

"அப்போ மேத்ஸ்ல பாஸானது?"

"அது நெசம்."

"அது யாரு சொல்லிப் பாஸான?"

"நீதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டியே. அதனாலதான்."

அவர் மூடியைத் திறந்தார். இரண்டு இட்லியை எடுத்து வைத்தார். பிறகு, எங்கள் யாரையும் பார்க்காமல், "அப்ப நான் காதுல வாங்கினதும் தப்பாப் போவல," என்றார். சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சிரிக்கற? உன் புள்ளைங்க ஓதவும் இல்ல, ஓடவும் இல்ல. தட்டைக் கழுவிட்டுக் கெளம்பு."

அன்று நான் ஆபீசுக்குப் போகாமல் கூட்டம் கலையும்வரை நின்றேன். பாத்திரங்களைத் தண்ணீர் ட்ரம்முக்குள் போட்ட பிறகு அவரே என்னைக் கூப்பிட்டார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தார். எனக்கு முன்னமே தெரியும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார், அதில்தான் வருத்தம். நியாயம்தான். மன்னிப்புக் கேட்டேன். படிவத்தைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் அவ ஓடிப் பார்த்ததே இல்லம்மா. ஊரெல்லாம் பார்த்திருக்கு. பார்க்காம எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே வண்டியை மூடிவிட்டு மைதானத்துக்கு வந்தார். எனக்குத் தெரிந்து அந்த வண்டி அவ்வளவு சீக்கிரம் மூடியது அன்றுதான். மிஸ் தன் நாற்காலியைக் கொடுத்தார், உட்காரவில்லை. தடத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்றேன், நிற்கவில்லை. முடிவுக் கோட்டுக்கு நேர் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மிஸ் விசில் ஊதினார். அவள் புறப்பட்டாள். முதல் பத்து மீட்டர் வரை அந்தம்மா சும்மா இருந்தார். பிறகு, "பாத்துடீ! வுழுந்துடாத! பாத்து!" என்று கத்த ஆரம்பித்தார். அவள் வரவரக் குரல் ஏறியது. கடைசி இருபது மீட்டரில் அது "பாத்து" இல்லை, "வா, வா, வா, வா" ஆகிவிட்டது. அவள் கோட்டைத் தாண்டி, நிற்க முடியாமல், அம்மாவையும் தாண்டிப் போனாள். அந்தம்மா திரும்பி மதில் பக்கம் பார்த்துக்கொண்டு முந்தானையைச் சரிசெய்தார். ரொம்ப நேரம் சரிசெய்தார்.

"எம்மாம் வேகம்," என்றார் மிஸ்ஸிடம். பிறகு அவருக்குப் புரிய வேண்டுமே என்று கன்னடத்தில், ஒவ்வொரு எழுத்தாக நாக்கை மடித்து, "சென்னாகி ஓ... டு... த்தாளெ" என்றார். மிஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவர், "டியூஷனை வுட மாட்டேன்," என்றார். அதையும் அவரே போய்ப் பேசினார். டியூஷன் சார் சாயங்கால வகுப்பைக் காலை ஆறு மணிக்கு மாற்ற ஒத்துக்கொண்டார். அப்படியானால் காலையில் சட்னி யார் ஊற்றுவது? நான்தான் வாயைக் கொடுத்தேன். இப்போது ஏழிலிருந்து எட்டரை வரை நான் ஊற்றுகிறேன். "தண்ணி மாதிரி ஊத்தற, கைய அடக்கு," என்று தினமும் திட்டு வாங்குகிறேன். ஆபீசில் என் சட்டையில் பொட்டுக்கடலை வாசனை வருவதாகப் புகார்.

தேர்வு ஒரு வேலை நாளில் வந்தது. ஆட்டோக்காரர்தான் எங்களைக் கூட்டிப்போனார், பந்தயம் முடிகிறவரை கேட்டருகே நிற்பேன் என்று அடம்பிடித்தபடி. செங்கல் நிறத்தில் எட்டுப் பாதைகள், வெள்ளைக் கோடுகள். இறங்கியதும் அவள் குனிந்து தடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். "மெத்தை மாதிரி இருக்குக்கா."

அவளோடு ஓடிய ஏழு பேரும் காலை உதைத்துப் புறப்படும் ஸ்டார்டிங் பிளாக்கைத் தாங்களே நகர்த்திப் பொருத்தினார்கள். இவள் அதைத் தொட்டதுகூட இல்லை. பக்கத்துப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து ஏதோ பொருத்தினாள். துப்பாக்கி வெடித்ததும் ஏழு பேரும் போய்விட்டார்கள். இவள் பின்னங்கால் பிளாக்கில் வழுக்கி, ஒரு அடி வீணானது. அந்தம்மா என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிய.

முப்பதாவது மீட்டரில் கடைசி. ஐம்பதில் இரண்டு பேரை முந்தினாள். எழுபதில் இன்னும் மூன்று பேர். முகத்தில் எந்த இறுக்கமும் இல்லை, அடுத்த தெருவுக்கு ஏதோ வாங்கிவரப் போகிறவள் மாதிரி வந்தாள். மூன்றாவதாக முடித்தாள். ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் இரண்டு பேரை மட்டும்தான் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

பட்டியலை ஒட்டும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று ஆட்டோக்காரர்தான் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து ஒட்டினார்கள். இரண்டு இரண்டு பேராகப் பெயர்கள், கடைசியில் தனியாக ஒரே ஒரு வரி, அவள் பெயர். அந்த வரியை அந்தம்மா விரல் வைத்துத் தடவினார். பயிற்சியாளர், கழுத்தில் மூன்று கடிகாரங்கள் தொங்கவிட்ட மனிதர், எங்களைத் தேடி வந்தார்.

"ஸ்டார்ட் அவ்வளவு மோசமா யாரும் பண்ணி நான் பார்த்ததில்லை," என்றார் அவளிடம். "கடைசி அம்பதும் யாரும் அப்படிப் பண்ணி இந்த வருஷம் பார்க்கலை. அதுக்காகத்தான் சேத்திருக்கேன். ஒண்ணாந்தேதி வரும்போது ஸ்டார்ட்டோட வா."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பி.டி. மிஸ் பள்ளியின் சாமான் அறையிலிருந்து ஒரு பிளாக்கைத் தோண்டி எடுத்துவிட்டார். துருப்பிடித்தது, இடது மிதி ஆடுகிறது. நேற்று நானும் அவளும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். நாளைக் காலை அதை மண்ணில் ஆணியடித்து இறுக்கப்போகிறோம். முழு நூறு மீட்டர் கிடையாது, அதற்கு அவள் எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. எட்டே எட்டு அடி. பின்னங்கால் வழுக்கக் கூடாது, எட்டாவது அடிவரை தலை நிமிரக் கூடாது. நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லப்போகிறேன், எதை என்று இன்னும் முடிவு செய்யவில்லை.